மஞ்சள் கடுதாசிக்குப் பின் ஒரு பிளாஸ்டிக் அட்டை

நம் ஊரில் ஒருவர் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் திவால் அறிவிப்பு மஞ்சள் தாளில் இருக்கும் என்பதால் வந்த பேச்சு என்பார்கள். ‘ஐ.பி. போட்டுட்டான்’ என்பது அதே செய்தியின் இன்னொரு வடிவம். இரண்டையுமே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஒன்று போனால் மற்றதும் போயிற்று என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போகிறது. கடன்களைத் தள்ளுபடி செய்து நீதிமன்றம் உத்தரவு போட்ட கொஞ்ச நாளிலேயே அந்த வீட்டுத் தபால் பெட்டியில் கிரெடிட் கார்டு விளம்பரங்கள் வந்து விழத் தொடங்கும். நேற்றுவரை வசூலுக்குத் துரத்தியவர்களின் இனத்தார் இன்று ஏன் வலிய வருகிறார்கள்? அவர்கள் நீட்டும் கார்டை வாங்கலாமா? வாங்கினால் எப்படி வைத்துக்கொள்வது? அங்கே வழக்கறிஞர்கள், சட்டப் பேராசிரியர்கள், வானொலி உபதேசகர்கள் எல்லோரும் இந்தக் கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தின் எலும்புக்கூட்டை முதலில் பார்த்துவிடலாம். இப்போது நடைமுறையில் உள்ள அமெரிக்கத் திவால் சட்டம் 1978இல் வந்தது. தனி மனிதர்கள் பெரும்பாலும் அதன் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ‘சாப்டர் 7’ என்பது, விலக்கு அளிக்கப்பட்ட சொத்து போக மீதி ஏதாவது இருந்தால் அதை விற்றுப் பங்கிட்டுவிட்டு, சில மாதங்களில் கடனைத் தள்ளுபடி செய்வது. ‘சாப்டர் 13’ என்பது 3 முதல் 5 ஆண்டுகள் தவணை கட்டி, மீதியிலிருந்து விடுபடுவது. கல்விக் கடன், ஜீவனாம்சம், பல வரி பாக்கிகள் இரண்டிலும் லேசில் கரையாது. நேர்மையாக இருந்தும் நொடித்துப் போனவன் பழைய பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதே திவால் சட்டத்தின் நோக்கம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1934லேயே ‘லோக்கல் லோன்’ வழக்கில் சொல்லிவிட்டது.

2005இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை இறுக்கியது. வருமானச் சோதனை வந்தது. மனுவுக்கு முன் ஒன்று, தள்ளுபடிக்கு முன் ஒன்று என இரண்டு ஆலோசனை வகுப்புகள் கட்டாயமாயின. ஒருமுறை சாப்டர் 7இல் தள்ளுபடி பெற்றவர் அதே வழியில் மறுபடி தள்ளுபடி பெற 6 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று இருந்தது 8 ஆண்டு ஆயிற்று. தபால் பெட்டி நிரம்புவதன் ரகசியம் இந்த 8 ஆண்டில்தான் இருக்கிறது.

கடன் கொடுப்பவன் கண்ணால் பாருங்கள். எதிரே நிற்பவருக்குப் பழைய கடன் பெரும்பாலும் இல்லை, துடைத்தாயிற்று. மாதச் சம்பளம் வருகிறது. புதிதாகக் கடன் வாங்கினால் 8 ஆண்டுக்கு அதை எளிதாகக் கழற்றிவிட முடியாது. பெரிய வங்கிகள் கதவைச் சாத்தியிருப்பதால் சொன்ன வட்டிக்கு ஒப்புக்கொள்வார். இதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்? திவாலான குடும்பங்களைத் தொடர்ந்து பின்பற்றிப் பேட்டி கண்ட காத்ரின் போர்ட்டர் என்ற சட்டப் பேராசிரியர் 2008இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அந்தக் குடும்பங்களைக் கடன் நிறுவனங்கள் ஒதுக்கவில்லை, தேடிப் போய் வலைவீசுகின்றன என்பதே அவர் கண்டது. திவாலானவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று 2005இல் வாதாடிய தொழிலே அவர்களிடம் மறுபடி கடை விரித்தது! போர்ட்டர் பின்னாளில் கலிபோர்னியாவிலிருந்து காங்கிரஸ் உறுப்பினரானார். இதே துறையில் அவருக்கு முன்னோடியான எலிசபெத் வாரன் செனட்டர் ஆனார். கடனாளிகளின் கணக்கைப் படித்தவர்கள் அரசியலுக்குப் போனதில் எனக்கு வியப்பில்லை.

கார்டே வேண்டாம் என்ற கட்சிக்கு வலுவான குரல் டென்னசியிலிருந்து வருகிறது. டேவ் ராம்சே 1980களில் கடன் வாங்கி வீட்டு வியாபாரம் செய்து, 1988இல் திவாலானவர். பிறகு வானொலியில் கடன் ஒழிப்பைப் போதித்தே பெரும் செல்வந்தரானார். கிரெடிட் ஸ்கோர் என்பது நீ எவ்வளவு நன்றாகக் கடன் வாங்குகிறாய் என்பதற்கான மார்க்தான், அது இல்லாமலே வாழ முடியும் என்பது அவர் வாதம். முதல் பாதியை நான் ஏற்கிறேன். ஃபைகோ நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய அந்த எண், 300க்கும் 850க்கும் இடையே நிற்பது, வங்கியில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று கேட்பதில்லை. சம்பளத்தையும் கேட்பதில்லை. லட்சம் டாலர் ரொக்கம் வைத்திருப்பவருக்கும் கணக்கில் கடனே இல்லையென்றால் எண்ணே வராது.

ஆனால் இரண்டாம் பாதி எல்லோருக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் வாடகைக்கு வீடு பிடிக்கவே உரிமையாளர் கடன் அறிக்கையைப் பார்க்கிறார். கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் போன்ற சில மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில் கார் இன்சூரன்ஸ் கட்டணம்கூட அந்த அறிக்கையைப் பொறுத்து ஏறி இறங்கும். சில முதலாளிகள் வேலைக்கு எடுக்குமுன் அதைக் கேட்கிறார்கள். சொந்த வீடும் சொந்தப் பெயரும் உள்ளவர் ஸ்கோர் இல்லாமல் வாழலாம். திவாலாகி, வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பழைய காரில் வேலைக்குப் போகிறவருக்கு அது கட்டுப்படியாகாத வைராக்கியம்.

ஆகவே ஒரு கார்டு வேண்டும். ஆனால் அதைக் கடன் வாங்கும் கருவியாக நினைத்தால் கெட்டது குடி. கார்டின் வேலை சாட்சி சொல்வது. ‘இந்த ஆள் இந்த மாதமும் கெடு தவறாமல் கட்டினார்’ என்று மாதம் ஒருமுறை எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பதிவேட்டு நிறுவனங்களுக்கும் அது போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சாட்சிக்குக் கூலி கொடுக்கக் கூடாது. வட்டியும் வருடக் கட்டணமும்தான் அந்தக் கூலி.

கூலி வாங்கும் கார்டுகள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு உதாரணம். தேசிய நுகர்வோர் சட்ட மையம் 2007இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கார்டின் கணக்கு இருக்கிறது. லிமிட் 250 டாலர். திட்டக் கட்டணம் 95, கணக்கு தொடங்க 29, மாதப் பங்கேற்புக் கட்டணம் 6, வருடக் கட்டணம் 48. ஆக 178 டாலர் கார்டு கைக்கு வருமுன்னே அதன் மேலேயே கடனாக ஏறிவிடும். மிச்சம் செலவழிக்க இருப்பது 72. நம் ஊர் கந்துவட்டிக்காரர் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவாரே, அவர் எவ்வளவோ தேவலை.

இதைக் கட்டுப்படுத்த 2009இல் கார்டு சட்டம் வந்தது. முதல் ஆண்டுக் கட்டணங்கள் ஆரம்ப லிமிட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 300 டாலர் லிமிட்டுக்கு 75 டாலர் வரை. உடனே தெற்கு டகோட்டா வங்கி ஒன்று 300 டாலர் லிமிட்டுடன் ஆண்டுக்கு 79.9 சதவீத வட்டியில் ஒரு கார்டை இறக்கிப் பார்த்தது. கணக்கு தொடங்குமுன்பே வாங்கிக்கொள்ளும் ‘விண்ணப்பக் கட்டணம்’ 25 சதவீதத்தில் சேருமா என்று இன்னொரு சர்ச்சை. சேரும் என்று 2011இல் மத்திய வங்கி விதி செய்தது. நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2013இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த விதியைக் கைவிட்டது. ஆகவே விண்ணப்பிக்கும்போதே பணம் கேட்கும் கார்டு இன்றும் சட்டத்துக்கு உட்பட்டதே.

ஏன் எல்லா வழியும் தெற்கு டகோட்டாவுக்குப் போகிறது? 1978இல் ‘மார்க்வெட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு தேசிய வங்கி தன் தலைமையகம் இருக்கும் மாநிலத்தின் வட்டி உச்சவரம்பையே நாடெங்கும் பயன்படுத்தலாம் என்றது. தெற்கு டகோட்டா 1980இல் உச்சவரம்பை நீக்கியது. அடுத்த ஆண்டே சிட்டிபேங்க் தன் கார்டு தொழிலை நியூயார்க்கிலிருந்து சூ ஃபால்ஸ் நகருக்கு மாற்றிக்கொண்டது. மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு மாநிலத்தின் சட்டம், டெட்ராய்டில் திவாலான ஒரு பஸ் டிரைவரின் வட்டியைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு வழக்கும் நினைவில் வைக்க வேண்டியது. அட்லாண்டாவின் காம்ப்யூகிரெடிட் நிறுவனத்தின் மேல் மத்திய வணிக ஆணையம் 2008இல் வழக்குத் தொடுத்தது. கார்டு வைத்திருப்பவர் எங்கே செலவு செய்கிறார் என்று பார்த்து லிமிட்டைக் குறைக்கும் ஏற்பாடு இருந்ததை வாடிக்கையாளரிடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அடகுக் கடை, மது விடுதி சரி. பழைய டயருக்கு ரப்பர் ஒட்டும் கடையும், திருமண ஆலோசகரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்! டயர் ரீட்ரெட் செய்கிறவர் சிக்கனக்காரர் என்று நாம் நினைப்போம், கணினி வேறு மாதிரி நினைத்தது. அதே ஆண்டு முடிவதற்குள் அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

இந்த இரைச்சலுக்கு நடுவே வழக்கறிஞர்களும் கடன் ஆலோசகர்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும் ஒரு விஷயம், டெபாசிட் கட்டி வாங்கும் கார்டு. 200 அல்லது 300 டாலரை வங்கியில் வைத்தால் அதே அளவுக்கு லிமிட் கிடைக்கும். சொந்தப் பணத்தை ஈடாக வைத்து அதையே கடனாக வாங்குவது கேலிக்கூத்தாகத் தோன்றலாம். ஆனால் ஸ்கோர் போடும்போது அது சாதாரணக் கார்டு போலவே கணக்கில் வரும். வருடக் கட்டணம் இல்லாதவையும் இருக்கின்றன, கிரெடிட் யூனியன் எனப்படும் உறுப்பினர் கூட்டுறவுச் சங்கங்களில் விசாரிப்பது நல்லது. ஒழுங்காகக் கட்டிவந்தால் பல இடங்களில் டெபாசிட்டைத் திருப்பித் தந்து சாதாரணக் கார்டாக மாற்றிக்கொடுப்பார்கள். முன்பு தள்ளுபடியில் நஷ்டப்பட்ட வங்கியிலேயே போய் விண்ணப்பிப்பதில் பொருளில்லை. பதிவேட்டிலிருந்து திவால் மறைந்தாலும் தன் சொந்தக் கணக்கு நோட்டை எந்தச் செட்டியாரும் கிழித்துப் போடுவதில்லை.

இனி அன்றாட நடைமுறை. ஸ்கோரில் ஏறத்தாழ 35 சதவீதம் தவணை ஒழுங்கு, 30 சதவீதம் நிலுவை அளவு என்று ஃபைகோவே சொல்கிறது. மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே முடிந்துவிட்டது. இதில் பலர் சறுக்கும் இடம், பில் தேதிக்கும் கெடு தேதிக்கும் உள்ள வித்தியாசம். பில் போடும் நாளில் எவ்வளவு நிலுவை இருக்கிறதோ அதுதான் பொதுவாகப் பதிவேட்டுக்குப் போகிறது. கெடு தேதி அதற்குக் குறைந்தது 21 நாள் கழித்து. 300 டாலர் லிமிட்டில் 240க்கு மளிகையும் பெட்ரோலும் போட்டுவிட்டு, கெடுவுக்குள் முழுதும் கட்டினாலும், பதிவேட்டில் ‘லிமிட்டில் 80 சதவீதம் தின்றிருக்கிறார்’ என்றுதான் விழும். பில் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக 220ஐக் கட்டிவிட்டால் பதிவேட்டுக்குப் போவது வெறும் 20. அதே செலவு, அதே பணம், தேதிதான் வேறு. இது நேர்மைக்கு வைத்த பரீட்சையாக இருந்தால் இப்படி நடக்குமா?

இதைவிட விலை கூடிய ஒரு மூடநம்பிக்கை, ‘கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் ஸ்கோர் ஏறும்’ என்பது. படித்தவர்களும் நம்புகிறார்கள். பாக்கி வைத்தால் ஏறுவது வட்டி மட்டும்தான். 28 சதவீத வட்டியில் 400 டாலர் பாக்கி நின்றால் மாதம் 9 டாலருக்கு மேல், ஆண்டுக்கு 112 டாலர் போகும். பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்கு, வாங்கிய பொருளுக்கு வட்டி இல்லாத கெடு பெரும்பாலான கார்டுகளில் உண்டு. அவருக்கு அந்த 28 சதவீதம் ஒரு எண், அவ்வளவே. ‘மினிமம் டியூ’ என்ற கட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்குத்தான் அது கழுத்துக் கயிறு.

எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. மாதாமாதம் வரும் ஒரு சிறு செலவை, செல்போன் பில்லோ சினிமாச் சந்தாவோ, அந்தக் கார்டில் போட்டு, வங்கிக் கணக்கிலிருந்து முழுத்தொகையும் தானாகப் போகும்படி செய்துவிட்டு, அட்டையை மேசை இழுப்பறையில் வைத்துவிடுவது. ஒரு நாள் தாமதித்தாலே அபராதம் விழும் என்றாலும் 30 நாள் தாண்டினால்தான் பதிவேட்டில் தாமதம் என்று ஏறும். திவாலுக்குப் பிறகு விழும் அப்படி ஒரு கீறல், திவாலைவிட மோசமாகப் பார்க்கப்படுகிறது என்று கடன் அதிகாரிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழையதற்கு நோய், வேலையிழப்பு, விவாகரத்து என்று காரணம் சொல்லலாம். புதியதற்கு என்ன சொல்வது? சின்ன லிமிட்டில் வாடகைக் கார் எடுப்பதும் ஓட்டல் அறை போடுவதும் ஆபத்து. அவர்கள் முன்பிடியாக நிறுத்திவைக்கும் தொகையே லிமிட்டை விழுங்கிவிடும். ஆறு மாதத்தில் நான்கு கார்டுக்கு மனுப் போடுவதும் வேண்டாம். ஒவ்வொரு மனுவும் இரண்டு ஆண்டு பதிவேட்டில் நிற்கும்.

பலன் எப்போது? இங்கேதான் ஆய்வாளர்கள் சொல்வது சுவையானது. ஃபிலடெல்பியா மத்திய வங்கியின் பொருளியலாளர்கள் உட்படப் பலர் பார்த்ததில், ஸ்கோர் மனுவுக்கு முன்புதான் பாதாளத்துக்குப் போகிறது, மனுவுக்குப் பிறகு ஏறத் தொடங்குகிறது. ஆனால் ஸ்கோர் மீண்டாலும் கிடைக்கும் லிமிட் நெடுங்காலம் குறைவாகவே நிற்கிறது. எண் மன்னிக்கிறது, வங்கி மன்னிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு விஷயம், ஃபைகோ திவாலானவரை எல்லோரோடும் சேர்த்து அளப்பதில்லை. திவாலானவர்களுக்கென்று தனி அட்டவணை உண்டு. பந்தயம் சக நோயாளிகளோடுதான் என்பதால், ஒழுங்காக இருப்பவர் சீக்கிரம் முன்னுக்கு வருகிறார். 1970ஆம் ஆண்டின் கடன் அறிக்கைச் சட்டப்படி திவால் 10 ஆண்டுவரை பதிவேட்டில் இருக்கலாம். சாப்டர் 13ஐ நிறுவனங்கள் வழக்கமாக 7 ஆண்டில் எடுத்துவிடுகின்றன. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சாப்டர் 7 தள்ளுபடிக்கு 2 ஆண்டு கழித்து அரசின் எஃப்.எச்.ஏ. உத்தரவாதத்தில் வீட்டுக் கடனுக்குத் தகுதி வரலாம், ஃபேனி மே என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தின் வழியில் பொதுவாக 4 ஆண்டு.

இந்தியாவில் இதே கேள்வியை எழுப்பினால் பாதி மட்டுமே பொருந்தும். பதிவேடு நம்மிடமும் உண்டு. 2000இல் தொடங்கிய சிபில் 300 முதல் 900 வரை மார்க் போடுகிறது. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதற்குத் தகவல் தர வேண்டும் என்று விதி வந்தது. நிரந்தர வைப்பை ஈடாக வைத்து வாங்கும் கார்டு இங்கேயும் கிடைக்கிறது. எளிதில் கிடைக்காதது கடனைத் துடைக்கும் அந்த முதல் படி. 2016இன் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி எழுதப்பட்டிருந்தும், நிறுவனக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்குச் சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டம், மதுரையில் 1920ஆம் ஆண்டுச் சட்டம். நம்மவர்கள் நீதிமன்றத்துக்குப் போவதைவிட வங்கியோடு பேசி ‘செட்டில்மென்ட்’ செய்துகொள்கிறார்கள். அந்தச் சொல்லே சிபிலில் கறையாக நிற்கிறது.

அமெரிக்காவுக்கே திரும்பினால், கார்டுக்கு முன்பு செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் கடைசியில்தான் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. தள்ளுபடியான கடன்கள் பதிவேட்டில் ‘நிலுவை பூஜ்யம், திவாலில் சேர்ந்தது’ என்று மாற வேண்டும். மாறாமல் ‘பாக்கி, வசூலாகவில்லை’ என்றே கிடப்பது ஒரு காலத்தில் மிகச் சாதாரணம். கலிபோர்னியாவில் பதிவேட்டு நிறுவனங்களின் மேல் நடந்த கூட்டு வழக்கு 2008இல் சமரசமானது. அதன் பிறகே தள்ளுபடிக் கடன்களைத் தாமாகத் திருத்தும் முறையை அவை ஏற்றன. அதற்குப் பிறகும் சில பெரிய வங்கிகள் அந்தப் பதிவுகளைத் திருத்தாமல் வைத்திருந்ததாகப் புகார் எழுந்து, 2015இல் இரண்டு வங்கிகள் திருத்த ஒப்புக்கொண்டன. செத்துப்போன கடனை அறிக்கையில் உயிரோடு வைத்திருந்தால், வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர் வேறு வழியில்லாமல் அதையும் கட்டிவிடுவார். சட்டம் கேட்க முடியாதென்று சொன்ன பணத்தைப் பதிவேடு கேட்டு வாங்கிக் கொடுத்துவிடும்.

இதன் தம்பி ஒருவனும் இருக்கிறான். ‘பழைய பாக்கியைப் புதுக் கார்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், லிமிட் தருகிறோம்’ என்று வரும் கடிதம். மாற்றிக்கொண்ட நிமிடம் அந்தக் கடன் புதுக் கடன், அதற்குத் தள்ளுபடி உத்தரவு செல்லாது.

உங்கள் மகனோ மருமகளோ நண்பரோ அங்கே இந்த நிலையில் இருந்தால், கார்டு விளம்பரத்தைப் பிரிக்குமுன் மூன்று பதிவேட்டு அறிக்கைகளையும் வாங்கி ஒவ்வொரு பழைய கடனுக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தவறு இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பட்டும், பொதுவாக 30 நாளில் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் இலவசமாகத் தரப்பட்ட அந்த அறிக்கைகள், 2020இலிருந்து வாரம் ஒருமுறை இலவசம்; 2023இல் அந்த ஏற்பாடு நிரந்தரமானது.